ஃபிராகிள் றொக் புது ஃபிகர்களை முடிக்கிறதா, பழைய மப்பெற் செற்றுக்குக் காசு சேக்கிறதா?

மார்க்கம்_வெம்பிளி எழுதினது:

எல்லாருக்கும் வணக்கம். தெரிஞ்ச ஆக்கள் ஒருக்கா வழி சொல்லுங்கோ.

என்னட்ட இப்ப பொஸ் ஃபைற் ஸ்ரூடியோ எண்ட பொம்மைக் கொம்பனி செய்த கோபோவும் றெட்டும் இருக்கு, எண்பதுகளில ரீவியில வந்த ஃபிராகிள் றொக் எண்ட பப்பெற் நாடகத்தின்ர ஐஞ்சு ஃபிராகிளில ரெண்டு பேர். அதுகளுக்குப் பக்கத்தில டயமண்ட் செலெக்ற் எண்ட இன்னொரு கொம்பனி 2016இல விட்ட, மப்பெற் எண்ட பப்பெற் கூட்டத்துத் தவளை கேர்மிற்றின்ர செற் நிக்குது, றொபினும் பீனும் சேத்து வந்தது. அடுத்ததாக மோக்கி, பூபர், வெம்பிளி எண்டு ஐஞ்சு பேரையும் சேத்து முடிப்பமோ, இல்லாட்டி அந்தக் காசைப் பிடிச்சு வைச்சு பலிசேட்ஸ் எண்ட பழைய கொம்பனி செய்த, மப்பெற் சமையல்காரர் சுவீடிஷ் செஃப்பின்ர சமையலறைச் செற்றை ஆரிட்டயாவது எடுப்பமோ எண்டு ஒரு மாசமா மண்டை காயுது.

என்ர மச்சான் சொல்லுறான், "எத்தினை மூட்டு எண்டு எண்ணு, கூட மூட்டு இருக்கிறதை வாங்கு" எண்டு. எண்ணினனான். எண்ணியும் ஒரு முடிவும் வரேல்ல. எனக்கு ஒரு விசயம்தான் உறுத்துது. சின்னனில ரீவியில பாத்த கோபோ எங்களைப் பாத்துக் கதைச்சுது. தட்டில நிக்கிற கோபோ என்னைப் பாக்கிற மாதிரியே இல்லை. முகம் சரி, நிறம் சரி, உடுப்புச் சரி. ஆனாலும் அது இல்லை. இது எனக்கு மட்டுமோ?

இன்னொண்டு. கராஜ் சேலில ஒரு பழைய ரப்பர் மாதிரி ஃபிகர் எடுத்தனான். தொட்டால் கையில பிசுபிசு எண்டு ஒட்டுது. உதைக் கழுவலாமோ?

முள்ளங்கிக்_கார் எழுதினது:

தம்பி, உங்களுக்கு மட்டும் இல்லை. முதல் ஒரு வேலை செய்யுங்கோ, பேந்து மிச்சத்தை வாசியுங்கோ. கோபோவின்ர தலையைப் பிடிச்சு, மூக்கு கொஞ்சம் கீழ போற மாதிரி மெல்லமாச் சரியுங்கோ. கனக்க வேண்டாம், ஒரு அரிசி அளவு. பிறகு நீங்கள் வழமையா இருக்கிற கதிரையில போய் இருந்து பாருங்கோ.

ஏன் எண்டு சொல்லுறன். பப்பெற் பழகிற ஆக்களுக்கு முதல் நாள் வாற பிழை இதுதான். கையை நேர மேல தூக்கினால் பப்பெற் கூரையைப் பாக்கும். பாக்கிற ஆக்களின்ர கண்ணுக்கு அதின்ர பார்வை வர வேணும் எண்டால் மணிக்கட்டைக் கீழ மடிக்க வேணும். கை நோகும், ஆனாலும் மடிக்க வேணும். பெட்டியால எடுத்து நேர நிமித்தி வைச்ச ஃபிகரும் அப்பிடித்தான், கூரையைப் பாத்துக்கொண்டு நிக்கும். அதுவும் தட்டு உங்கட கண் மட்டத்துக்கு மேல எண்டால் சொல்ல வேண்டாம்.

கண்ணைப் பற்றித்தான் நான் ஆகலும் கூடக் கதைப்பன், பொறுத்துக்கொள்ளுங்கோ. மப்பெற்றையும் ஃபிராகிளையும் உருவாக்கின ஜிம் ஹென்சன் 1955இல முதல் கேர்மிற்றைச் செய்யேக்க தாயின்ர பழைய கோட்டைத்தான் வெட்டினவர். கண் ரெண்டும் ஒரு பிங்பொங் பந்தின்ர ரெண்டு பாதி. அந்தப் பப்பெற் இப்ப வாஷிங்டன் ஸ்மித்சோனியனில இருக்கு. பிறகு அவரோட சேந்து வேலை செய்த டொன் சாலின் எண்டவர்தான் கண் வைக்கிறதை ஒரு கலையாக்கினவர். ரெண்டு கண்ணும் மூக்கும் சேந்து ஒரு முக்கோணம், அதுக்குள்ள கருமணி எங்க விழ வேணும் எண்டு அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. கருமணியைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வைக்கிறதாலதான் அது ஒரு இடத்தைக் குறிச்சுப் பாக்கிற மாதிரி எங்களுக்குத் தெரியுது. பப்பெற் செய்து முடிக்கிற நேரம் கடைசியா வைக்கிறது கண். ஹென்சனைக் கூப்பிட்டுக் கமராவுக்கு முன்னால பிடிச்சுப் பாத்துத்தான் ஒட்டுறது.

ஆனபடியால் என்ர முதல் அளவுகோல் மூட்டு இல்லை. கருமணி எங்க அடிச்சிருக்கு, கழுத்து கீழ சரியுமா. இது ரெண்டும் சரி எண்டால் ஃபிகர் உயிரோட இருக்கும், மிச்சம் எல்லாம் அதுக்குப் பிறகு. ஒரு புள்ளி ஒரு மில்லிமீற்றர் வெளிய போனால் போச்சு, ஐம்பது மூட்டு வைச்சாலும் திரும்பி வராது. கடையில வாங்கிறதெண்டால் ஒரே ஃபிகரில நாலு பெட்டியை வரிசையா வைச்சுக் கண்ணைப் பாத்து எடுங்கோ. நான் எப்பவும் அப்பிடித்தான் செய்யிறனான். கடைக்காரர் முதலில ஒரு மாதிரிப் பாத்தவர், இப்ப தானே நாலை எடுத்து வைப்பார்.

ரெண்டாவது, இடக்கை. கூடுதலான மப்பெற்றுகள் இடக்கைக்காரர். பப்பெற் ஆட்டுறவர் வலக்கையைத் தலைக்குள்ள விடுறவர், மிச்சம் இருக்கிற இடக்கையாலதானே பப்பெற்றின்ர கையை ஆட்ட வேணும். அதால கேர்மிற்றுக்கோ கோபோவுக்கோ கையில ஏதும் குடுக்கிறதெண்டால் இடக்கையில குடுங்கோ, மற்றக் கையைச் சும்மா தொங்க விடுங்கோ. உடன உங்களுக்கு ரீவி ஞாபகம் வரும்.

கால் இன்னொரு கதை. ரீவியில இடுப்புக்குக் கீழ நாங்கள் கண்டது குறைவு, ஏன் எண்டால் கீழ ஆள் நிக்கிறார். ஃபிகர் செய்யிற ஆள் அந்தக் காலைத் தானே யோசிச்சுப் பிடிக்க வேணும். அதாலதான் எவ்வளவு வடிவாச் செய்தாலும் நேர நிக்கிற மப்பெற் ஒரு அந்நியன் மாதிரித் தெரியும். இருத்தி வையுங்கோ. இல்லாட்டி இடுப்புவரை மறைக்கிற மாதிரி ஒரு கல்லோ பெட்டியோ முன்னால வையுங்கோ. என்ர றெட் ஒரு பழைய நல்லெண்ணெய்த் தகரத்துக்குப் பின்னால நிண்டு எட்டிப் பாக்குது. வீட்டுக்கு வாற ஆக்கள் எல்லாம் முதல் அவளைத்தான் பாக்கினம்.

இனிக் கொம்பனிகள். பலிசேட்ஸ் 2002இல தொடங்கி ஒரு மூண்டு நாலு வருசம்தான் மப்பெற் செய்தது, 2006இல கொம்பனியே இல்லை. அந்தச் சின்ன காலத்துக்குள்ள அவை செய்த வேலை இண்டைக்கும் எனக்கு அதிசயம். அப்ப நான் காலேஜ், கிழமைக்கு மூண்டு இரவு பேக்கரியில வேலை. சமையலறைச் செற்றுக்குச் சேத்த காசில ரெண்டு தரம் பஸ் பாஸ் வாங்க வேண்டி வந்தது, மூண்டாம் தரம்தான் எடுத்தனான். செஃப்பின்ர கையைப் பாக்கத்தான் எடுத்தனான். ரீவியில செஃப்புக்கு மட்டும் உண்மையான மனுசக் கை. தலையும் குரலும் ஹென்சன், ரெண்டு கையும் ஃபிராங்க் ஒஸ். ஒருத்தர் வாயால ஒண்டு சொல்ல மற்றவர் கையால இன்னொண்டு செய்வார், அதில வாற சிரிப்புத்தான் அந்தச் சமையல். அந்தக் கையை பிளாஸ்ரிக்கில செய்த ஆள் அதை விளங்கித்தான் செய்திருக்கிறார். பீக்கரோட வந்த ஆய்வுகூடச் செற்றும் அனிமலோட வந்த மேடைச் செற்றும் அதே தரம்.

டயமண்ட் செலெக்ற் நல்ல புத்தியான வழி. ஒரு பெட்டிக்குள்ள ரெண்டு மூண்டு பேர், கொன்சோவோட கமிலா, ஃபொசியோட ஸ்கூட்டர் எண்டு. ஆக்களைச் சேக்க ஆசைப்படுறவைக்கு அதைவிடச் சுகமான வழி இல்லை.

பொஸ் ஃபைற் சின்ன அளவில நிறைய மூட்டு வைச்சுப் பேர் எடுத்த ஆக்கள். அவை ஃபிராகிளைக் கையில எடுக்கினம் எண்டு கேள்விப்பட்ட நாள் நான் அம்மாவுக்கு ஃபோன் எடுத்தனான்.

அது ஏன் எண்டும் சொல்லத்தான் வேணும். நாங்கள் 1986 மாரியில இஞ்ச ரொறன்ரோவுக்கு வந்தனாங்கள், எனக்கு ஆறு வயசு. சென்ற் ஜேம்ஸ் ரவுணில ஒரு படுக்கையறை அப்பார்ட்மென்ற், ஏழு பேர். ஆரோ வெளியில விட்ட ரீவியை மாமா லிஃப்ற்றில ஏத்திக் கொண்டுவந்தவர். அதில சிபிசி சனல் தெளிவா வரும். நான் இங்கிலிஷ் பழகினது கோபோவிட்ட. அந்த நாடகம் இதே ரொறன்ரோவில, எங்கட வீட்டில இருந்து பஸ்ஸில போற தூரத்தில எடுத்தவை எண்டு பெரியாளான பிறகுதான் தெரிஞ்சது. 1983இல தொடங்கி 96 பாகம்.

அம்மாவுக்கு இங்கிலிஷ் விளங்காது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மட்டும் குசினியால வந்து நிப்பா. கோபோ ஓட்டைக்குள்ளால வெளிய வந்து, அங்க நாயோட இருக்கிற மனுசன் டொக்கின்ர குப்பைக் கூடைக்குள்ள இருந்து மாமன் மற் அனுப்பின போஸ்ற்காட்டை எடுத்துக்கொண்டு ஓடுவான், நாய் துரத்தும். மாமன் எங்கயோ தெரியாத உலகத்தில நிண்டுகொண்டு, அங்க இருக்கிற விசித்திரச் சீவன்களைப் பற்றி எழுதுவார். அம்மா அந்த நாளில ஊரில இருந்து வாற நீல ஏரோகிராமுக்குத்தான் ஒவ்வொரு நாளும் கீழ இறங்கிப் பெட்டி பாக்கிறவ. கோபோ காட்டோட தப்பி உள்ள போனவுடன "அப்பாடா, கிடைச்சிட்டுது" எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பிப் போவா.

என்ர கோபோவின்ர இடக்கையில இப்ப ஒரு போஸ்ற்காட் இருக்கு. நான் வெட்டினது. அம்மாவின்ர பழைய ஏரோகிராம் ஒண்டில எழுத்து இல்லாத ஓரம், ஒண்டரை சென்ரிமீற்றர்.

கேள்விக்கு வாறன். முதல் ஃபிராகிளை முடியுங்கோ. அதிலயும் பூபரை முதல் எடுங்கோ. பூபருக்குக் கண்ணே வெளிய தெரியாது, தொப்பியும் மயிரும் மூடியிருக்கும். நான் மேல சொன்ன முக்கோணத்தில ரெண்டு மூலை இல்லை, ஆனாலும் டேவ் கோல்ஸ் அந்தப் பப்பெற்றைப் பிடிக்கேக்க அது எங்க பாக்குது எண்டு எங்களுக்குத் தெரியும். மூக்கும் தலை சரியிற சரிவும் மட்டும் கொண்டு. தட்டில அவனைச் சரியா வைக்கப் பழகினீங்கள் எண்டால் மற்ற எல்லாரையும் வைப்பீங்கள்.

பிசுபிசுப்பு: அது அழுக்கு இல்லை. மிருதுவான பிளாஸ்ரிக்குக்குள்ள சேக்கிற பிளாஸ்ரிசைசர் எண்ணெய் மாதிரி வெளிய கசியிறது. இளஞ்சூட்டுத் தண்ணி, பாத்திரம் கழுவுற சோப்பில ரெண்டு சொட்டு, மிருதுவான பல்லுத்தூரிகை. துடைச்சு நிழலில காய விடுங்கோ. நகப்பூச்சு அழிக்கிற அசற்றோனைக் கிட்டவும் கொண்டுபோக வேண்டாம், நிறம் முழுக்கப் போயிடும். பிறகு மூடின பெட்டிக்குள்ள திரும்ப வைக்காதேங்கோ, காத்துப் படுற இடத்தில வையுங்கோ. வேற பிளாஸ்ரிக்கோட முட்டவும் விட வேண்டாம், கசியிற எண்ணெய் பக்கத்தில நிக்கிறதையும் தின்னும்.

ஈஸ்ற்ஹாம்_அக்கா எழுதினது:

முள்ளங்கிக் கார் எண்ட பேரைப் பாத்தவுடனயே தெரிஞ்சது ஆள் ஆர் எண்டு. 1988இல மக்டொனால்ட்ஸில வந்த மரக்கறிக் கார்தானே? றெட் முள்ளங்கியில, கோபோ கரட்டில, மோக்கி கத்தரிக்காயில. கனடாவில இருந்த பெரியம்மா அந்தக் கத்தரிக்காயை எனக்குப் பாசலில அனுப்பினவ. முப்பத்தைஞ்சு வருசத்துக்கு மேலாச்சு, சில்லு இன்னும் ஓடுது. சொல்லப்போனால் மோக்கியை உட்காத்தி வைச்ச அந்தச் சின்னப் பொம்மையில இருக்கிற சாந்தம் எனக்குப் பெரிய ஃபிகர் எதிலயும் கிடைக்கேல்ல. இது என்ர மனசு மட்டுமாகவும் இருக்கலாம்.

ஆனால் தம்பி சொல்லுற டொக் எங்களுக்கு இல்லை. லண்டனில நாங்கள் பாத்ததில கலங்கரை விளக்கம். அதில கப்டின், ஃபுல்ரன் மக்கே நடிச்சவர். நாய் ஸ்ப்றொக்கெற் மட்டும் அதே நாய். ஃபிராகிள் பக்கத்துக் கதை எல்லா நாட்டுக்கும் ஒண்டு, மனுசன் இருக்கிற பக்கத்தை மட்டும் நாட்டுக்கு நாடு மாத்தி எடுத்தவை. என்ர கேள்வி இதுதான்: ஆராவது கப்டினை ஃபிகராச் செய்து பாத்தனீங்களோ? என்ர தட்டில கோபோ எட்டிப் பாக்கிற ஓட்டைக்கு அந்தப் பக்கம் வெறுமையாக் கிடக்கு.

டோர்ட்மூண்ட்_பொடியன் எழுதினது:

அக்கா, ஜேர்மனியிலயும் எங்கட டொக் வேற ஆள். பாரிசில இருக்கிற என்ர சித்தப்பாவின்ர பிள்ளையளுக்கு டொக் எண்டால் பழைய சமையல்காரர். ஒரு கலியாண வீட்டில இதைக் கதைக்கப் போய், நாலு நாட்டுப் பெடியளும் "இல்லை, நீ பாத்தது பிழை" எண்டு அரை மணித்தியாலம் சண்டை.

மூட்டு விசயத்தில அண்ணையோட நான் முழுக்க உடன்படேல்ல. என்ர மகளுக்கு நாலு வயசு. அவளுக்குத் தட்டு இல்லை, தரைதான். முழங்கை மடியாத ஃபிகரை ஒரு நாளுக்கு மேல தொடமாட்டாள். றெட் எண்டால் நீந்த வேணும், குதிக்க வேணும், கரணம் அடிக்க வேணும். கேரன் பிறெல் அந்தப் பப்பெற்றை ஒரு இடத்தில சும்மா நிக்க விட்டவவோ? பூபருக்குக் கழுத்துப் போதும். றெட்டுக்கு இடுப்பும் தோளும் வேணும். ஆளைப் பொறுத்துத்தான் அளவுகோல்.

முள்ளங்கிக்_கார் எழுதினது:

தம்பி டோர்ட்மூண்ட், றெட் விசயத்தில நீங்கள் சொல்லுறதுதான் சரி. நான் தட்டை மட்டும் வைச்சு யோசிச்சிட்டன். ஓடுற ஆளை ஓட விடத்தான் வேணும். கேரன் பிறெல் பேந்து அனிமேஷனுக்குப் போய், 2022இல புதுசா எடுத்ததில திரும்பவும் அதே றெட்டைக் கையில போட்டவ. நாப்பது வருசம் கழிச்சும் அந்தத் துள்ளல் அப்பிடியே இருந்தது. அதைப் பாத்துக்கொண்டிருக்கேக்க எனக்குக் கண் கலங்கிப்போச்சு.

ஈஸ்ற்ஹாம் அக்கா, கப்டினுக்கு ஒரு கணக்குச் சொல்லுறன். ஃபிராகிள் பப்பெற் கிட்டத்தட்ட 22 அங்குலம், அதே நாடகத்தில கட்டிடம் கட்டுற குட்டிச் சீவன் டூசர் 6 அங்குலம். மனுசனை ஐஞ்சடி எட்டு, அதாவது 68 அங்குலம் எண்டு வையுங்கோ. உங்கட ஃபிராகிள் 5 அங்குலம் எண்டால் டூசர் ஒண்டேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும். கப்டின் பதினைஞ்சரை அங்குலம். உங்கட தட்டுக்குள்ள நிமிந்து நிக்கமாட்டார்.

டூசருக்கு அந்த ஒண்டேகால் அங்குலம் முக்கியம், அதைவிடப் பெரிசா வைச்சால் கதையே மாறிடும். அதுகள் முள்ளங்கி மாவில பாலமும் கோபுரமும் கட்டும், ஃபிராகிள் வந்து கறுமுறு எண்டு தின்னும், திரும்பவும் கட்டும். தின்னாட்டில் கட்ட இடம் இல்லாமல் போயிடும் எண்டதாலதான் அதுகளுக்கும் கோவம் வாறதில்லை. நான் கட்டிடம் செய்யிறது காதுக்குப் பஞ்சு சுத்திற குச்சியில, பஞ்சை வெட்டிப்போட்டு வெள்ளைப் பசையால முக்கோணம் முக்கோணமா ஒட்டி.

எல்லாருக்கும் ஒண்டு. மாரியில பாசல் வந்தால், அதுவும் வாசலில மைனஸ் இருபதில ரெண்டு மணித்தியாலம் கிடந்த பாசல் எண்டால், உடன திறந்து மூட்டைத் திருப்பாதேங்கோ. குளிரில பிளாஸ்ரிக் இறுகி இருக்கும், முழங்கால் பட்டெண்டு முறியும். எனக்கு ஒரு கால் அப்பிடிப் போனது. ஒரு இரவு வீட்டுக்குள்ள கிடக்கட்டும். பிறகும் மூட்டு இறுக்கமா இருந்தால் சுடுதண்ணியில ஒரு நிமிசம் பிடிச்சுப்போட்டுத் திருப்புங்கோ.

மார்க்கம்_வெம்பிளி எழுதினது:

அண்ணை, தலையைச் சரிச்சனான். ஒரு அரிசி எண்டீங்கள், ரெண்டு அரிசி தேவைப்பட்டுது, என்ர தட்டு உயரம். இப்ப நான் கொம்பியூட்டரில இருக்கிற இடத்துக்கு நேர பாக்குது. கேர்மிற்றையும் இருத்திப்போட்டன். பழைய ஃபிகரைக் கழுவிக் காயப் போட்டிருக்கிறன்.

பூபருக்கு ஓடர் குடுத்தாச்சு. சமையலறைச் செற்றுக்கு வேறயா ஒரு உண்டியல்.

ஈஸ்ற்ஹாம்_அக்கா எழுதினது:

பதினைஞ்சரை அங்குலமோ! கணக்குக்கு நன்றி தம்பி. இரவு முழுக்க யோசிச்சன். ஓட்டையால எட்டிப் பாக்கிற கோபோவுக்குக் கப்டின் முழுசாத் தெரியத் தேவையில்லைத்தானே. ஓட்டை நிலத்தோட இருக்கு. அவனுக்குத் தெரியிறது சப்பாத்தும் முழங்காலுக்குக் கீழ காற்சட்டையும்தான். கடல்காரரின்ர கறுத்த ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி, மூண்டரை அங்குல உயரத்தில, களிமண்ணில தொடங்கியிருக்கிறன். இடது பூட்ஸ் முடிஞ்சுது. மோக்கியின்ர கத்தரிக்காய்க் காரை அதுக்குப் பக்கத்தில நிப்பாட்டிப் பாத்தன், வடிவா இருக்கு. வலது காய்ஞ்சவுடன படம் போடுறன்.